பின்னால் யாரும் வரவில்லை

மார்ச் கடைசியில் டோக்கியோவின் உயெனோ பூங்காவில் செர்ரி மரங்கள் பூத்துவிட்டால், காலையிலேயே அங்கே ஒரு காட்சி காணக் கிடைக்கும். மரத்தடியில் நீலத் தார்ப்பாய் விரித்திருக்கும். அதன் நடுவே கோட்டும் டையுமாக ஓர் இளைஞன் தனியாக உட்கார்ந்திருப்பான். அலுவலகத்து ஆட்கள் மாலையில்தான் வருவார்கள். பூவைப் பார்த்துக்கொண்டே உண்டு குடிக்கும் ஹனாமி விருந்துக்கு அதுவரை இடம் பிடித்து வைப்பது அவன் வேலை. பேருந்து சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற நமக்கு இது புரியாத விஷயமில்லை. யாரை அனுப்புவது என்று அலுவலகத்தில் பேச்சே எழாது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன் போக வேண்டும். மறு ஏப்ரலில் இன்னொருவன் சேர்வான். தார்ப்பாய் அவன் கைக்குப் போய்விடும்.

1990களின் நடுவில் வேலைக்குச் சேர்ந்த பலருக்கு அந்த இன்னொருவன் வரவில்லை. ஓராண்டு பார்த்தார்கள், ஈராண்டு பார்த்தார்கள். கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும், கூட்டத்தில் குறிப்பெடுப்பது, விருந்துக்கு உணவகம் பேசுவது, தொலைபேசி மணி அடித்தால் முதல் ஆளாக ஓடி எடுப்பது எல்லாம் அவர்கள் தலையிலேயே இருந்தன. முப்பது தாண்டியும் அவர்கள்தான் அலுவலகத்தின் கடைக்குட்டிகள். அவர்களாவது உள்ளே இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டியவர்கள் வெளியே நின்றார்கள்.

ஒரு பொருளாதாரச் சரிவு தலைமுறைகளை எப்படிக் கூறுபோடுகிறது என்பதற்கு ஜப்பானைப் போலத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்', 'அந்தக் காலத்து ஆட்கள்' என்று அங்கே முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் வாக்குவாதத்தில் குணம், பொறுமை, உழைப்பு, நன்றி என்று எத்தனையோ பேசப்பட்டன. அடியில் கிடந்த கேள்வி ஒன்றுதான்: நீ எந்த வருடம் படிப்பை முடித்தாய்?

அந்தக் கேள்விக்கு அவ்வளவு கனம் வந்ததற்குக் காரணம் ஜப்பானியப் பெருநிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறை. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே மாணவர்கள் கருப்பு சூட்டு வாங்கிக்கொண்டு நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கத் தொடங்குவார்கள். படிப்பு முடிவதற்கு முன்பே 'நைதெய்' என்னும் முன்னுறுதி கிடைத்துவிட வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து கிடைக்கும் ஆஃபர் லெட்டர் போன்றது அது. மார்ச்சில் பட்டம், ஏப்ரல் முதல் நாள் நாடெங்கும் நிறுவனங்களில் வரவேற்பு விழா. ஒரே ஏப்ரலில் சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் 'தோகி', நம் பேச்சில் ஒரே பேட்ச். முன்னால் சேர்ந்தவர் 'செம்பாய்', பின்னால் வந்தவர் 'கோஹாய்'. வயதைவிடச் சேர்ந்த ஆண்டுதான் அங்கே மூப்பு. சம்பளமும் பதவியும் அந்த மூப்பின்படி ஏறும். ஓய்வு பெறும் வயது வரை வேலை நிச்சயம். அமெரிக்கரான ஜேம்ஸ் அபெக்ளன் 1958இல் ஜப்பானியத் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு இந்த ஏற்பாட்டுக்கு 'ஆயுள்கால வேலை' என்ற பெயர் நிலைத்தது. எல்லா உழைப்பாளிக்கும் வாய்த்ததில்லை அது. பெரிய நிறுவனங்களில், அதுவும் பெரும்பாலும் ஆண்களுக்கே வாய்த்தது. ஆனால் பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு வீடும் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

இந்த ஏற்பாட்டில் வாசல் ஆயுளில் ஒரு முறைதான் திறக்கும். 2009இல் சென்னையிலும் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, சேரும் தேதி வராமல் மாதக்கணக்கில் காத்திருந்த பொறியியல் பட்டதாரிகள் உண்டு. அவர்கள் சின்ன கம்பெனி ஒன்றில் இரண்டு வருட அனுபவம் சேர்த்துக்கொண்டு வேறு வழியாகப் பெரிய கம்பெனிக்குள் நுழைய முடிந்தது. ஜப்பானில் அன்று அந்தப் பக்கவழி இல்லை. பட்டம் பெற்ற ஆண்டின் ஏப்ரலைத் தவறவிட்டவரைப் பெருநிறுவனம் மறுபடி திரும்பிப் பார்ப்பது அபூர்வமாக இருந்தது. அதற்குப் பயந்து, பாடத்தை முடிக்காமல் வேண்டுமென்றே இன்னோர் ஆண்டு கல்லூரியிலேயே தங்கி, 'இந்த வருடத்துப் பட்டதாரி' என்ற அடையாளத்தைக் காப்பாற்றிக்கொண்ட மாணவர்களும் இருந்தார்கள்.

1989 டிசம்பர் 29 அன்று டோக்கியோவின் நிக்கேய் பங்குக் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. பிறகு பங்கு விழுந்தது, அதன் பின்னால் நிலத்தின் விலை விழுந்தது. வேலைச் சந்தைக்கு அந்தக் குளிர் வந்துசேர இரண்டு மூன்று ஆண்டு பிடித்தது. 1991இல் பட்டம் பெற்று வேலை தேடிய நூறு பேருக்குத் தனியார் நிறுவனங்களில் 286 இடங்கள் காத்திருந்தன. தேர்ந்தெடுத்த மாணவனை வேறு நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதென்று, வெந்நீர் ஊற்று விடுதிகளுக்குச் சுற்றுலா அழைத்துப்போய்ப் பக்கத்திலேயே வைத்துக்கொண்ட காலம் அது. அந்த வருடங்களில் சேர்ந்தவர்களைக் 'குமிழித் தலைமுறை' என்கிறார்கள். 2000இல் பட்டம் பெற்ற நூறு பேருக்கு இருந்த இடங்கள் 99. ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் இருக்கக்கூடிய வயது வித்தியாசம்தான் இது. அண்ணனை விடுதிக்கு அழைத்துப்போன அதே நிறுவனம் தம்பியின் விண்ணப்பத்துக்குப் பதில்கூடப் போடவில்லை.

1992இல் ஒரு வேலைவாய்ப்பு இதழ் இதற்கு 'வேலைப் பனியுகம்' என்று பெயர் வைத்தது. 1994இல் அந்தச் சொல்லுக்கு விருதே கிடைத்தது. 1991இல் பட்டதாரிகளில் வேலைக்குப் போனவர்கள் 81.3 விழுக்காடு, 2003இல் அது 55.1. பனியுகம் என்று பெயர் வைத்தபோது அது பத்தாண்டுக்கு மேல் நீளும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நஷ்டத்தில் இருக்கும் நிறுவனம் ஏன் இருக்கிறவர்களைக் குறைக்காமல் வருகிறவர்களை நிறுத்தியது? முதலாளிகளின் பெருந்தன்மை மட்டும் காரணமில்லை. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஜப்பானிய நீதிமன்றங்கள் ஆட்குறைப்புக்கு நான்கு நிபந்தனைகளை வகுத்திருந்தன. குறைக்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்க வேண்டும். நீக்கத்தைத் தவிர்க்க எல்லா முயற்சியும் செய்திருக்க வேண்டும். யாரை நீக்குவது என்பதில் நியாயமான அளவுகோல் வேண்டும். தொழிற்சங்கத்தோடும் ஊழியர்களோடும் கலந்து பேசியிருக்க வேண்டும். ஒரு குடும்பத் தலைவனின் பிழைப்பை ஒரே கடிதத்தில் முடித்துவிடக் கூடாது என்ற மனிதநேயத்தில் பிறந்த விதிகள் இவை. இரண்டாவது நிபந்தனையில் 'எல்லா முயற்சியும்' என்பதற்குள் என்னென்ன அடங்கும்? மிகைநேர வேலையைக் குறைப்பது, ஆட்களை இடம் மாற்றுவது, விருப்ப ஓய்வு கேட்பது. அவற்றோடு, புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்துவது.

உள்ளே இருந்தவனைக் காப்பாற்றிய சுவர் இப்படித்தான் எழும்பியது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு ஒரு பெயர் உண்டு, மேசை உண்டு, வழக்குப் போட ஒரு கடிதம் உண்டு. சேர்க்கப்படாதவருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் எந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போடுவார்? எந்தச் சங்கம் அவருக்காகக் கொடி பிடிக்கும்? இந்த அநீதி இத்தனை காலம் சத்தமில்லாமல் நடந்ததற்கு, அதைச் செய்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியாததே பெரிய காரணம்.

உள்ளே இருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. நம் ஊரில் தோளில் தட்டினால் பாராட்டு. ஜப்பானிய அலுவலகத்தில் மேலதிகாரி தோளில் தட்டினால் குலை நடுங்க வேண்டும். விருப்ப ஓய்வில் போய்விடச் சொல்வதற்கு அங்கே 'தோள் தட்டல்' என்றே பெயர். வேலை எதுவும் கொடுக்காமல் சன்னலோரத்தில் உட்காரவைக்கப்பட்ட மூத்த ஊழியர்களை 1970களின் இறுதியிலேயே 'சன்னலோரக் கூட்டம்' என்று அழைத்தார்கள். 1990களில் அந்தச் சன்னலும் போயிற்று. தொலைபேசியும் வேலையும் இல்லாத அறைக்குள் நாள் முழுக்க உட்காரவைத்து, தானாக ராஜினாமா செய்யும்வரை காத்திருக்கும் முறை நீதிமன்றம் வரைக்கும் போனது. ஆங்கிலத்தில் மறுசீரமைப்பைக் குறிக்கும் ரீஸ்ட்ரக்சரிங் என்ற சொல்லை வெட்டி 'ரிஸுதொரா' என்று ஆக்கியபோது, அதற்கு வேலைநீக்கம் என்பது ஒன்றே பொருளாகியிருந்தது.

1997 நவம்பர் மாதம் ஜப்பானியர்களின் நினைவில் ஆழப் பதிந்த மாதம். முதல் வாரத்தில் சான்யோ செக்யூரிட்டீஸ், 17ஆம் தேதி ஹொக்கைடோ தகுஷொகு வங்கி, 24ஆம் தேதி யமாய்ச்சி செக்யூரிட்டீஸ் என்று நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 1897இல் தொடங்கி அந்த ஆண்டுதான் நூற்றாண்டு கண்ட நிறுவனம் யமாய்ச்சி. நாட்டின் நான்கு பெரிய பங்குத் தரகு நிறுவனங்களில் ஒன்று. 26,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டத்தைக் கணக்கில் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தது அம்பலமாகி, மூடுவதாக அறிவித்தது. தலைவர் நொஸாவா ஷோஹெய் பொறுப்பேற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. பத்திரிகையாளர் கூட்டத்தில் எழுந்து நின்று, குற்றம் நிர்வாகத்தில் இருந்தவர்களுடையது, ஊழியர்கள் மேல் தவறில்லை, அவர்களுக்கு வேலை கிடைக்க உதவுங்கள் என்று சொல்லி அடக்க முடியாமல் அழுதார். வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த நடுத்தர வயது ஆண்களுக்கு, பெரிய நிறுவனம் என்பது சாகாத தகப்பன் என்ற நம்பிக்கை அந்தச் சில நிமிடங்களில் போய்விட்டது. 1997இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 24,391 பேர். 1998இல் 32,863. கூடியதில் பெரும்பங்கு நடுவயதைத் தாண்டிய ஆண்கள். அந்த ஆண்டு தொடங்கித் தொடர்ந்து 14 ஆண்டுகள் அந்த எண் முப்பதாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை.

ஆக, அப்பன் உள்ளே பயத்தில் இருந்தான், பிள்ளை வெளியே நின்றான். இருவரும் இரவில் ஒரே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இந்த வீட்டை வைத்துத்தான் ஜப்பானில் தலைமுறைகளைப் பற்றிய பெரிய விவாதம் தொடங்கியது. 1999இல் சமூகவியலாளர் யமதா மசஹிரோ ஒரு நூல் எழுதினார். படிப்பு முடித்தும் கல்யாணம் செய்துகொள்ளாமல், பெற்றோர் வீட்டிலேயே தங்கி, சம்பாதிப்பதைத் தங்கள் சௌகரியத்துக்கே செலவழிக்கும் இளைஞர்களை அவர் 'ஒட்டுண்ணித் தனியர்' என்றார். சொல் தீயாய்ப் பரவியது. ஏற்கெனவே 'ஃப்ரீட்டா' என்ற சொல் இருந்தது. 1987இல், கொழிப்புக் காலத்தில், பகுதிநேர வேலைகளுக்கான ஓர் இதழ் உருவாக்கிய சொல் அது. ஒரே நிறுவனத்துக்கு ஆயுளை எழுதிக் கொடுக்காமல், விரும்பியபோது விரும்பிய வேலையைச் செய்து சுதந்திரமாக வாழ்பவன் என்று அதற்குப் பெருமையான பொருள் இருந்தது. பத்தே ஆண்டில் அதே சொல் சோம்பேறிக்குப் பெயராகிவிட்டது. 2003இல் அரசுக் கணக்குப்படி ஃப்ரீட்டாக்கள் 21 லட்சத்து 70 ஆயிரம் பேர். இத்தனை லட்சம் பேர் ஒரே சமயத்தில் சோம்பேறிகளாகப் பிறந்துவிட்டார்கள் என்று நம்புவது பெரியவர்களுக்கு எளிதாக இருந்தது. தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் அப்படித்தான் நம்பினார்கள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இதற்கு மறுப்பு 2001இல் வந்தது. கென்டா யூஜி என்ற தொழிலாளர் பொருளியலாளர், இளைஞர்களின் மனதை ஆராய்வதை விட்டுவிட்டு நிறுவனங்களின் ஊழியர் பட்டியலைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் அதிகமாக இருந்த நிறுவனங்களில்தான் புதியவர்களை எடுப்பது அதிகம் குறைந்திருந்தது. இளைஞர்கள் வேலையை வேண்டாம் என்றதால் வேலையற்றுப் போகவில்லை. மூத்தவர்களின் இடத்தைக் காப்பாற்றியதற்கான விலையை இளைஞர்கள் கொடுத்தார்கள் என்றார் அவர். யார் யாருடைய உழைப்பில் ஒட்டி வாழ்கிறார்கள் என்ற கேள்வியை அது தலைகீழாகத் திருப்பிப் போட்டது. மகன் அப்பாவின் சம்பளத்தில் சாப்பிடுவது வீட்டில் கண்ணுக்குத் தெரிந்தது. அப்பாவின் சம்பளம் யாருக்கோ பிறந்த ஒரு மகனின் இடத்தில் நின்றுகொண்டிருந்தது தெரியவில்லை.

கென்டாவும் அவரோடு ஆராய்ந்தவர்களும் பின்னர் ஜப்பானையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டார்கள். வேலையின்மை மிகுந்த ஆண்டில் சந்தைக்கு வந்த, கல்லூரிப் படிப்பு இல்லாத அமெரிக்கரின் இழப்பு சில ஆண்டுகளில் மறைந்துவிடுகிறது. அதே நிலையில் வந்த ஜப்பானியரிடம் அந்தத் தழும்பு பத்தாண்டு கடந்தும் மறையவில்லை. வாசல் ஒரு முறைதான் திறக்கும் என்பதன் விளைவு இது.

நிறுவனங்களுக்கு வேலை இருந்தது, ஆளும் தேவைப்பட்டது. ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டிய ஆள்தான் வேண்டாம். 1995இல் முதலாளிகள் கூட்டமைப்பான நிக்கெய்ரென் ஓர் அறிக்கை வெளியிட்டது. இனி ஊழியர்கள் மூன்று வகை என்றது அது: நீண்டகாலம் வைத்துக்கொள்ள வேண்டியவர்கள், தனித்திறனுக்காக எடுக்க வேண்டியவர்கள், தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்க வேண்டியவர்கள். சட்டம் அதன் பின்னாலேயே வந்தது. முகமை மூலம் ஆள் அனுப்பும் 'ஹாகென்' முறை 1986இல் சில தொழில்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது. 1999இல் பெரும்பாலான தொழில்களுக்கு விரிந்தது. 2004இல் தொழிற்சாலைகளுக்குள்ளும் நுழைந்தது. 1990இல் ஐந்தில் ஒருவராக இருந்த நிரந்தரமற்ற ஊழியர்கள் 2008இல் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆனார்கள்.

பெண்களுக்கு இந்த மாற்றம் இன்னும் சீக்கிரம் வந்தது. அலுவலக எழுத்து வேலைக்கென்று கல்லூரி முடித்த பெண்களை ஆண்டுதோறும் எடுத்துவந்த நிறுவனங்கள் அந்த வாசலையே அடைத்துவிட்டு, அதே மேசைகளில் ஹாகென் பெண்களை உட்காரவைத்தன. வேலை அதே வேலை, கணினி அதே கணினி. போனஸ் இல்லை, சம்பள உயர்வு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்ற பயம் மட்டும் உண்டு. பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் 'ஹாகென்-சான்' என்று கூப்பிடும் வழக்கம் வந்தது. நம் ஆலைகளில் ஒருவரைக் 'கான்ட்ராக்ட் ஆள்' என்று சொல்லும்போது அவர் பெயர் எங்கே போகிறதோ, அங்கேதான் அவர்கள் பெயரும் போயிற்று. ஐம்பது வயது நிரந்தர ஊழியருக்கும் முப்பது வயது ஹாகெனுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை வெளியிலிருந்து பார்த்தவர்கள் தலைமுறை இடைவெளி என்று எழுதினார்கள். அது வேலை ஒப்பந்தத்தின் இடைவெளி.

'ரொன்ஸா' என்ற கருத்து இதழின் 2007 ஜனவரி வெளியீட்டில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அகாகி தொமொஹிரோ, 31 வயது ஃப்ரீட்டா. மருயாமா மசாவோவை ஓங்கி அறைய வேண்டும் என்பது தலைப்பு. தன் நம்பிக்கை போர்தான் என்பது துணைத்தலைப்பு. மருயாமா போருக்குப் பிந்தைய ஜப்பானின் மிகப் பெரிய ஜனநாயகச் சிந்தனையாளர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவரைப் போரின் கடைசிக் கட்டத்தில் கடைநிலைச் சிப்பாயாகப் படையில் சேர்த்தார்கள். அங்கே நடுநிலைப் பள்ளிகூடப் போகாத ஒரு மூத்த சிப்பாய் அவரை அறைந்தான் என்பதை எடுத்துக்கொண்டு அகாகி கேட்டார்: சமாதான காலத்தில் அப்படி ஒருவன் அப்படி ஒருவரைத் தொடக்கூட முடியுமா? உங்களுக்குச் சமாதானம் என்றால் பாதுகாப்பு. எனக்குச் சமாதானம் என்றால் இந்த இடத்திலேயே கிடந்து சாவது. போர் வந்தால் எல்லாம் கலையும், கலைந்தால் எனக்கும் ஒரு வாய்ப்பு வரும் என்பது அவர் வாதம்.

அது சரியான வாதமில்லை. போரில் முதலில் சாகிறவன் அவரைப் போன்ற இளைஞன்தான். சில மாதங்களில் மூத்த முற்போக்காளர்கள் அதே இதழில் பதில் எழுதினார்கள். பதில்களில் உண்மை இருந்தது, புரிதல் குறைவாக இருந்தது. அவர் தன் கட்டுரையில் சுட்டியது அவர்களைத்தான்: தொழிலாளர் பக்கம் நிற்கிறோம் என்கிறீர்களே, நீங்கள் சொல்லும் தொழிலாளி ஏற்கெனவே வேலையில் இருப்பவன், சங்கத்தில் இருப்பவன், அவனுடைய இடத்தைக் காக்கும் உங்கள் போராட்டம் ஒவ்வொன்றும் என் முகத்தின் மேல் சாத்தப்படும் கதவு. இந்தக் குற்றச்சாட்டுக்கு நேரான பதில் அன்று யாரிடமும் இல்லை. ஒரு நாட்டின் படித்த இளைஞன் போரை விரும்புகிறேன் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்ட பிறகு, அவனுக்குப் பாடம் எடுப்பதற்கு முன் அவன் சொன்ன கணக்கைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே அந்தக் கணக்கு தெருவுக்கு வந்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்ததும் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஹாகென் ஊழியர்களை ஒரே மூச்சில் வெட்டின. அவர்களில் பலர் முகமை கொடுத்த விடுதியில் தங்கியிருந்தவர்கள். வேலை போன அன்றே கூரையும் போயிற்று. டிசம்பர் 31 அன்று டோக்கியோவின் ஹிபியா பூங்காவில், யுவாசா மகோதோ என்ற செயல்பாட்டாளரும் சங்கத்தினரும் சேர்ந்து கூடாரங்கள் அடித்துக் கஞ்சி வார்த்தார்கள். புத்தாண்டைத் தாண்டும் ஹாகென் கிராமம் என்று அதற்குப் பெயர். ஐந்நூறு பேர் வரை வந்து சேர்ந்தார்கள். தொழிலாளர் நல அமைச்சகம் அந்தப் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. ஜனவரி 2 இரவு, கூடாரங்கள் போதாமல், அமைச்சகம் தன் அரங்கத்தைத் திறந்துவிட்டது. நிரந்தரத் தொழிலாளர்களின் சங்கங்கள் ஹாகென்களுக்காக அகப்பை ஏந்தி நின்றதையும் சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டு தாமதம்தான். ஆனாலும் நின்றார்கள்.

இதற்கிடையில் நிறுவனங்களுக்கு உள்ளே ஒரு பள்ளம் தெரியத் தொடங்கியது. 1947 முதல் 1949 வரை பிறந்த எண்பது லட்சம் பேரை ஜப்பானில் 'தன்காய்' தலைமுறை என்பார்கள். அவர்கள் 2007இல் அறுபதைத் தொட்டபோது, கைத்திறனை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது என்ற கேள்வி தொழிற்சாலைகளைக் கலக்கியது. கடைசல் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே உளி தேய்ந்ததைச் சொல்லும் அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. பக்கத்தில் பத்தாண்டு நின்று பார்த்தவனுக்குத்தான் அது வரும். பக்கத்தில் நின்றிருக்க வேண்டியவனை எடுக்கவே இல்லை. அறுபது வயதும் இருபது வயதும் இருந்தன. இடையில் இருக்க வேண்டிய நாற்பது காணவில்லை. சம்பளத்தை மிச்சம் பிடித்ததாக எழுதிவைத்த கணக்கேட்டில், இழந்த அறிவுக்கு என்று ஒரு பத்தி இல்லை.

உள்ளே நுழைந்துவிட்ட பனியுகத்தவரும் இன்னொரு விதத்தில் பாதிக்கப்பட்டார்கள். கோஹாயே இல்லாமல் பத்தாண்டு வேலை செய்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் பழக்கமே படியவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்து, வசைகளை வாங்கிக்கொண்டு, வெளியே போனால் வேறு இடம் கிடையாது என்ற பயத்தில் பல்லைக் கடித்து நின்றவர் அவர். 2010 வாக்கில் புதியவர்கள் மறுபடி வரத் தொடங்கியபோது அவர் நாற்பதை நெருங்கியிருந்தார். வந்தவர்கள் பாடச்சுமை குறைக்கப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள். 'தளர்வுத் தலைமுறை' என்று அவர்களுக்கும் ஒரு வசைப்பெயர் தயாராக இருந்தது. மணி ஆறானால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள், விருந்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார்கள், தொலைபேசியை எடுக்கப் பயப்படுகிறார்கள் என்று மேலாளர்கள் குறைப்பட்டார்கள். பிறகு 2020இல், அதிகாரத்தைக் காட்டித் துன்புறுத்துவதைத் தடுக்கும் பொறுப்பைச் சட்டம் பெருநிறுவனங்கள் மேல் வைத்தது. தேவையான சட்டம். ஆனால் தான் வளர்ந்த முறையில் வளர்க்கக் கூடாது, வேறு முறையும் தெரியாது என்று முழிக்கும் ஐம்பது வயது மேலாளரைக் கொடுமைக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமாகாது.

இன்றைய இளையவர்கள் மேலாளரின் வசையைப் பொறுக்காமல் வேலையை விடுகிறார்களே என்றால், அவர்களால் விட முடிகிறது. 2018இல் ஜப்பானில் வேலை தேடும் நூறு பேருக்கு 161 இடங்கள் இருந்தன. 1999இல் 48தான். பிள்ளைகள் குறைந்துபோன நாட்டில் இளைஞன் கிடைப்பதே அரிதாகிவிட்டது. சில பெரிய நிறுவனங்கள் புதியவர்களின் தொடக்கச் சம்பளத்தை மாதம் 3 லட்சம் யென்னுக்கு மேல் உயர்த்தியிருக்கின்றன. அந்த உயர்வு நாற்பதின் கடைசியிலும் ஐம்பதின் தொடக்கத்திலும் இருக்கிறவர்களின் சம்பளத்துக்கு அதே வேகத்தில் வரவில்லை. முன்பு மூத்தவர்களைக் காப்பதற்காக இவர்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. இப்போது இளையவர்களை ஈர்ப்பதற்காக இவர்களுக்குப் பணம் இல்லாமல் போகிறது. இளையவனின் துணிச்சலும் மூத்தவனின் பொறுமையும் பிறவிக்குணங்கள் என்று இந்த எண்களைப் பார்த்த பிறகும் சொல்ல மனம் வருமா?

ஆள் பற்றாக்குறை நம் ஊர் வரை எட்டியிருக்கிறது. குறிப்பிட்ட திறனுள்ள தொழிலாளர்களை அனுப்புவதற்கு 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் உடன்படிக்கை செய்துகொண்டன. சென்னையில் ஜப்பானிய மொழி படித்துவிட்டு அங்கே போகிற பிள்ளைகள், அந்நாட்டின் சொந்தப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட வாசல் வழியாக உள்ளே போகிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை. யாருடைய வாசல் அது என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது.

வெளியே நின்றவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் பலர் சின்ன நிறுவனங்களில் வேலை தேடி, குறைந்த சம்பளத்தில், எப்படியோ ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். அப்படி அமைத்துக்கொள்ள முடியாதவர்கள் வீட்டுக்குள் போனார்கள். 2019இல் ஜப்பான் அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 40 முதல் 64 வயதுக்குள் வீட்டைவிட்டு வெளியே வராமல் முடங்கிவிட்ட 'ஹிகிகொமொரி'கள் 6 லட்சத்து 13 ஆயிரம் பேர் என்று மதிப்பிடப்பட்டது. எண்பது வயதுப் பெற்றோரும் ஐம்பது வயதுப் பிள்ளையும் ஒரே வீட்டில், ஒரே ஓய்வூதியத்தில். இதை '8050 பிரச்சினை' என்கிறார்கள். ஆயுள்கால வேலையில் பத்திரமாக இருந்த அப்பா சேர்த்துவைத்த பணம் அந்தப் பிள்ளைக்குச் சோறாகிக்கொண்டிருக்கிறது. தலைமுறைகளுக்கு நடுவே நாடு தீர்த்துவைக்காத கணக்கை அந்த வீடுகள் மாதாமாதம் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. அப்பா போன பிறகு அந்தக் கணக்கை யார் எடுத்துக்கொள்வார்கள்?

பனியுகத் தலைமுறை ஏறத்தாழ ஒரு கோடியே 70 லட்சம் பேர். அவர்களில் மூன்று லட்சம் பேரை மூன்றாண்டில் நிரந்தர வேலையில் சேர்ப்பது என்று 2019இல் அரசு திட்டம் போட்டது. அதே ஆண்டு, ஹ்யோகோ மாகாணத்தில் இருக்கும் தகராஸுகா என்ற நகரத்தின் நகராட்சி, 36 முதல் 45 வயதானவர்களுக்கு மட்டும் என்று மூன்று நிரந்தர வேலைகளை அறிவித்தது. நாடெங்கிலும் இருந்து 1,800க்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. இருபது ஆண்டுக்கு முன் எழுதியிருக்க வேண்டிய தேர்வை எழுத அவர்கள் வந்தார்கள். மூன்று பேரை எடுக்க நினைத்த நகராட்சி நான்கு பேரை எடுத்தது. சேர்ந்த ஆண்டே மூப்பு என்ற வழக்கப்படி, அவர்கள் அந்த அலுவலகத்தின் கோஹாய்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளையும் அவர்களுக்குச் செம்பாய்.